தோல் சீட்டும் மழைக் கவரும்: வாசகர் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் சைக்கிளில் தோல் சீட் வைத்திருப்பவர்களுக்குக் கவர் ஞாபகம் வந்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். நான் சொல்வதெல்லாம் ப்ரூக்ஸ் என்ற இங்கிலாந்து கம்பெனியின் சீட் மாதிரி இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டி ரிவெட் அடித்த கெட்டித் தோல் சீட்டுக்கு. ஃபோம் மேல் தோல் ஒட்டிய சீட்டுக்கு இதில் பாதி பொருந்தாது.

ப்ரூக்ஸின் பி17 சீட் வாங்கி ஒரு மாதம் ஆகிறது, வலிக்கிறது. மேலே ஜெல் கவர் போட்டு ஓட்டலாமா? (கோவை)

போடாதீர்கள். உங்கள் எடை நேராகத் தோல் மேல் விழுந்தால்தான் அது உங்கள் எலும்பு உட்காரும் இடத்தில் குழிந்து கொடுக்கும். நடுவில் ஜெல்லை வைத்தால் ஜெல்தான் நசுங்கும், தோல் அப்படியே விறைப்பாக இருக்கும். ஒரு சில நூறு கிலோமீட்டர் பொறுங்கள். அதற்கு மேலும் வலித்தால் சீட்டின் உயரத்தையும் முனையின் சாய்வையும் சரிபாருங்கள். பாதி வலி அங்கேதான் இருக்கும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் கவரே தேவையில்லை என்கிறார்களே?

வேண்டாம். நல்லெண்ணெயும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். எண்ணெய் உள்ளே இறங்கித் தோலைத் துவள வைத்துவிடும், சீக்கிரமே சீட் தொட்டிலாகிவிடும். ப்ரூஃபைட் என்று ப்ரூக்ஸே விற்கிற டப்பாவில் இருப்பது கொழுப்பும் மெழுகும் சேர்ந்த களிம்பு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெல்லிசாகத் தடவி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் துணியால் தேய்த்து எடுங்கள். ஒரு சின்ன டப்பா பல வருஷம் வரும். அதைத் தடவினாலும் மழைக்குக் கவர் வேண்டும்.

நல்ல கெட்டியான பிளாஸ்டிக் கவர் வாங்கி, வருஷம் முழுக்கக் கழற்றாமல் வைத்திருந்தேன். அப்படியும் சீட் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம். கவர் தரம் சரியில்லையா? (வேளச்சேரி)

கவர் தரமானதுதான், வினையே அதுதான். காற்றுப் போக வழியில்லாமல் நீங்களே இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறீர்கள். மழைக்காலச் சென்னையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த ஈரமும் உங்கள் வியர்வையும் தோலில் தடவிய கொழுப்பும் கவருக்குள்ளே ஒன்றாக அடைபட்டுக் கிடந்தால் பூஞ்சணம் வராமல் என்ன வரும்? எத்தனை முறை எழுதினாலும் சலிக்காமல் இதையே கேட்கிறார்கள், அதனால் நானும் சலிக்காமல் இதையே சொல்கிறேன்: மழை பெய்யும்போது போடுங்கள், மழை விட்டதும் கழற்றுங்கள். வீட்டுக்குள் நிற்கிற சைக்கிளுக்குக் கவர் எதற்கு?

அப்புறம், நீங்கள் அனுப்பிய படத்தில் பின் மட்கார்டு இல்லை. இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், தப்பாக நினைக்காதீர்கள். தோல் சீட்டுக்கு மழை மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வருகிறது. மேல் பக்கத்துக்காவது மினுக்குப் பூச்சு இருக்கிறது. அடிப்பக்கம் பூச்சில்லாத வெறும் தோல், தண்ணீரைக் கண்டால் உறிஞ்சும். பின் சக்கரம் ரோட்டுத் தண்ணீரையும் சேற்றையும் அள்ளி நேராக அங்கேதான் அடிக்கிறது. மேலே எவ்வளவு உசத்தியான கவர் போட்டாலும் அந்தத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் உட்கார்ந்துவிடும். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்துச் சீட் வாங்குகிறவர்கள், அழகு கெட்டுவிடும் என்று சில நூறு ரூபாய் மட்கார்டைப் போட மாட்டேன் என்கிறார்கள். அந்தக் காலத்து ரோட்ஸ்டர் சைக்கிள்களில் தோல் சீட் அத்தனை வருஷம் உழைத்ததற்குச் சக்கரத்தை மூடிய அந்த இரும்பு மட்கார்டும் ஒரு காரணம்.

இப்போதைக்கு, வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் பூஞ்சணத்தைத் தட்டிவிடுங்கள். வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து ஒரு முறை துடையுங்கள். நிழலில் இரண்டு நாள் காயவிட்டு மெல்லிசாகக் களிம்பு போடுங்கள். முதலில் மட்கார்டு வாங்குங்கள்.

சீட் போச்சு, என்ன செய்யலாம்?

எந்தச் சீட், எங்கே போச்சு, கிழிந்ததா, தொய்ந்ததா, திருடு போனதா? படம் இல்லை, மாடல் இல்லை, ஊர்கூட இல்லை. மறுபடி எழுதுங்கள்.

மழையில் நனைந்த சீட்டிலேயே ஆபீஸ் வரை ஓட்டிவிட்டேன். நடுவில் தொங்குகிறது. போல்ட்டை முறுக்கலாமா, ஹேர் டிரையர் காட்டலாமா?

டிரையர் கூடவே கூடாது, வெயிலும் கூடாது. சூடு பட்டால் தோல் சுருங்கி வெடிக்கும். நிழலில் தானாகக் காயட்டும், முழுக்கக் காயும்வரை உட்காராதீர்கள். ஈரத் தோல் மேல் உட்கார்ந்ததால்தான் இப்படி இழுபட்டிருக்கிறது. காய்ந்த பிறகும் தொய்வு இருந்தால் சீட் முனைக்கு அடியில் தோலை இறுக்குகிற போல்ட்டை அதற்கென்று வரும் ஸ்பேனரால் கால் சுற்று திருப்புங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. ஒரே மூச்சில் முறுக்கினால் ரிவெட் பக்கம் தோல் கிழியும்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். திறந்த வெளி ஸ்டாண்டில்தான் நிறுத்துகிறேன். கவரைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஹோட்டல் அறையில் தலைமுடி நனையாமலிருக்கத் தருகிற ஷவர் கேப் போதும். சீட்டில் கச்சிதமாக உட்காரும், போனாலும் கவலையில்லை. தினமும் நனையத்தான் போகிறது என்றால் தோலை விட்டுவிட்டு ப்ரூக்ஸின் கேம்பியம் சீட் பக்கம் போங்கள். அது ரப்பர், மழைக்குப் பயப்படாது.

தாத்தாவின் ஹெர்குலிஸ் சைக்கிள் சீட்டில் குஞ்சலம் வைத்த வெல்வெட் கவர் இருக்கிறது. அப்படியே விடலாமா?

அழகுதான், ஆனால் அடியிலிருக்கிற ஸ்பாஞ்சு வியர்வையைக் குடித்துத் தோலுக்கே ஊட்டும். கழற்றிப் பாருங்கள். மேலோட்டமான வெடிப்பு என்றால் களிம்பு போட்டு ஓட்டலாம். ரிவெட்டைச் சுற்றிக் கிழிந்திருந்தால் ஓட்டாதீர்கள், குஞ்சலத்தோடு வீட்டில் வையுங்கள்.

ரயிலில் பார்சல் போடும்போது சீட்டுக்கு எந்தக் கவர் நல்லது?

கவரே வேண்டாம். சீட்டைத் தாங்குகிற குழாயான சீட் போஸ்ட்டில் உயரத்துக்கு அடையாளமாக ஒரு டேப் ஒட்டிவிட்டு, போஸ்ட்டோடு கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். பிரேமில் போஸ்ட் இருந்த ஓட்டையை மட்டும் ஒரு கேரி பேக்கால் அடைத்துவிடுங்கள், தண்ணீர் இறங்காது.