குருமண்வெளித் தங்கச்சிக்கு மண்டூர் அக்காவின் பதில்

தங்கச்சி, கலியாணம் முடித்து கனடாவில் டொரொன்டோவின் ஸ்காபரோவுக்கு வந்து ஒரு வருடமாகப் போகிறது, வேலை தமிழ்க் கடையில், வீட்டிலும் கோயிலிலும் தமிழ்தான், ஆங்கிலம் பேச வாய் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் முன்பள்ளி டீச்சராக இருந்த நான் இங்கே இப்படியே இருந்துவிடுவேனோ, எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டீர்கள். நான் மண்டூர். மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறி உங்கள் குருமண்வெளிக் கரைக்கு வந்து, அங்கிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போய்ப் படித்தவள். அந்த உரிமையில் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

தமிழ் ஆட்களை விட்டு விலகினால்தான் ஆங்கிலம் வரும் என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். ஐந்து மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர் மாதத்தில் நம் சனம் பக்கத்தில் இல்லாவிட்டால் மனம் உடைந்துபோகும். கடை வேலையும் இருக்கட்டும். கிழமையில் ஒன்றிரண்டு தடவையாவது, உங்களுக்காக வேறு யாரும் பேச முடியாத ஓர் இடத்துக்குப் போங்கள். தொடங்க அது போதும்.

உங்களைத் தடுப்பது மொழிப் பயம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் தாய்மார் வாசலில் நின்று உங்களிடம்தான் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். இங்கே பஸ் சாரதியிடம் ஒரு வார்த்தை கேட்கவே நாக்குத் தடக்குகிறது. ஒரு மதிப்போடு வாழ்ந்த ஆட்களுக்குத்தான் இது கூடுதலாக வலிக்கும். அந்த வலிக்குப் பயந்துதான் பலர் இருபது வருடமாகியும் ஒரே தெருவைத் தாண்டாமல் இருக்கிறார்கள். முதல் நாள் கதறி அழுத பிள்ளை கொஞ்ச நாளில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவதை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! இப்போது அந்தப் பிள்ளையின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். கொஞ்சக் காலம் பிழை பிழையாகப் பேச உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுங்கள்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு 'லிங்க்' என்ற இலவச மொழி வகுப்பு இருக்கிறது. முதலில் மதிப்பீடு செய்து உங்கள் நிலையைச் சொல்வார்கள், மறுகா வகுப்பில் சேரலாம். மாலையிலும் இணையவழியிலும் வகுப்புகள் உண்டு, சில இடங்களில் வகுப்பு முடியும்வரை குழந்தையையும் பார்த்துக்கொள்வார்கள். குடியுரிமை எடுத்துவிட்டால் லிங்க்கில் சேர முடியாது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். 18 முதல் 54 வயது வரையானவர்கள் குடியுரிமைக்குப் பேசுவதிலும் கேட்பதிலும் கனடிய மொழி அளவுகோலின் நாலாம் நிலையைக் காட்டவேண்டும். லிங்க்கில் அந்த நிலையை முடித்த சான்றிதழையே அதற்குக் கொடுக்கலாம். டொரொன்டோ நூலகங்களில் ஆங்கில உரையாடல் வட்டங்களும் இலவசம். வகுப்பை விட எனக்குப் பிடித்தது அதுதான். சீனா, ஈரான் என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் நம்மைப் போலவே தடக்கித் தடக்கிப் பேசுவார்கள், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

உங்கள் தொழிலையும் விட்டுவிடாதீர்கள். ஒன்டாரியோவில் பதிவு பெற்ற குழந்தைக் கல்வியாளராவதற்குக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா படிக்கலாம். இங்கே பாலர் வகுப்புகளில் ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்வது இவர்கள்தான். மொழி கொஞ்சம் பிடிபட்டதும் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் உதவியாளர் வேலைக்குக் கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இலக்கணம் பார்க்கமாட்டார்கள், அவர்களோடு பேசிப் பேசியே ஆங்கிலம் வந்துவிடும்.

இன்னொன்று, வங்கி, கடை எல்லா இடத்திலும் கணவர்தான் பேசுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் அன்பில்தான் செய்கிறார். பக்கத்தில் நிற்கட்டும், ஆனால் நீங்கள் முடிக்கும்வரை வாய் திறக்கவேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரி விசயம் வேறு. அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கூச்சப்படாமல் கேளுங்கள். லிங்க் மதிப்பீட்டுக்கு நாள் எடுக்க இந்தக் கிழமையே அழையுங்கள். அந்தப் போனை அவர் எடுக்கக்கூடாது, நீங்கள்தான் எடுக்கவேண்டும். தமிழ் பேசும் ஆள் இருக்கிறாரா என்று கேட்பதென்றாலும் அதை ஆங்கிலத்திலேயே கேளுங்கள்.