கூட்டு மாத்திரைக்குக் காப்புரிமை: பழைய கட்டுரை தடுக்குமா?

கேள்வி: ஏற்கெனவே கடையில் கிடைக்கும் இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையாக்கி ஒரு கம்பெனி காப்புரிமை கேட்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மருத்துவ இதழில் முன்பே கட்டுரை வந்திருந்தால் அது செல்லாதுதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் செல்லாது. ஆனால் பலர் நினைப்பது போல "இது புதிதல்ல" என்று மட்டும் வாதாடினால் மாட்டிக்கொள்வீர்கள். புதுமை இல்லை என்று காட்ட, கம்பெனி உரிமை கோருவது முழுக்க ஒரே ஆவணத்தில் இருந்தாக வேண்டும். கட்டுரையில் இரண்டு மருந்தையும் தனித்தனி மாத்திரையாகத்தான் கொடுத்திருப்பார்கள், "ஒரே மாத்திரை, இந்த அளவு என்று எங்கே இருக்கிறது?" என்று கம்பெனி வக்கீல் கேட்பார், கேள்வியும் நியாயம்தான். அந்தக் கட்டுரைக்கு உண்மையான பலம் அடுத்த கட்டத்தில்: நாலைந்து கட்டுரைகளைச் சேர்த்து வைத்து, இதையெல்லாம் படித்த ஒரு மருந்தியல் ஆளுக்கு இந்த மாத்திரை தானாகவே தோன்றியிருக்காதா என்று கேட்கலாம். கூட்டு மாத்திரைகள் அதிகம் விழுவது இங்கேதான்.

காம்பிவிர் கதையைப் பாருங்கள். எச்.ஐ.வி.க்கான மாத்திரை, ஜிடோவுடின் 300 மி.கி., லாமிவுடின் 150 மி.கி. அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனை முடிவோ 1995 டிசம்பரிலேயே 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்துவிட்டது. இந்தியாவில் இதற்கான விண்ணப்பத்தை எதிர்த்து 2006இல் கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்தில் மனுப் போட்டது போட்டிக் கம்பெனி அல்ல, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் அமைப்புகள். தெரிந்த இரண்டு மருந்தைக் கலந்தது கண்டுபிடிப்பாகாது என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு, விண்ணப்பித்திருந்த கிளாக்ஸோஸ்மித்க்ளைன் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றது. தீர்ப்பு வந்து தோற்ற வழக்கு அல்ல, அதனால் முன்மாதிரித் தீர்ப்பாகக் காட்ட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் சட்டத்தின் 3ஆம் பிரிவு இன்னும் கறார்: சேர்த்ததால் இரண்டின் குணமும் கூட்டலாக வந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்றால் அது வெறும் கலவை. கூட்டலுக்கு மேல் பலன் உண்டு என்றால் அதற்கான சோதனை விவரத்தைக் காட்ட வேண்டும்.

அதற்காக எல்லாக் கூட்டு மாத்திரையையும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் ஒன்றாக வயிற்று அமிலத்தில் கரைந்தால் ரிஃபாம்பிசின் சீக்கிரம் சிதைகிறது. இப்படிப்பட்ட சிக்கலைப் பழைய கட்டுரை எதுவும் காட்டாத ஒரு வழியில் ஒருவர் தீர்த்தால், அந்தத் தயாரிப்பு முறைக்குக் காப்புரிமை கேட்கலாம், ஜோடிக்கு அல்ல.

அப்புறம், தேதி முக்கியம். உங்கள் கட்டுரை அந்த விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள்) முன்னால் வெளியாகியிருக்க வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் போச்சு. எழுதியது அதே கம்பெனியின் விஞ்ஞானி என்றாலும் பொதுவாக அது அவர்களுக்கு எதிராகவே நிற்கும். காப்புரிமை கொடுப்பதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். கொடுத்த பிறகு என்றால், கொடுத்த அறிவிப்பு வெளியானதிலிருந்து ஓராண்டுக்குள், அதுவும் சம்பந்தப்பட்டவர்கள் மட்டும்.