புண்ணும் இல்லை, வலியும் இல்லை… ஊசி எதற்கு?

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம். ரத்தப் பரிசோதனையில் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ், 1:16 என்று வந்தது. பிறகு எடுத்த டி.பி.எச்.ஏ.வும் பாசிட்டிவ். மூன்று ஊசி போடச் சொல்கிறார்கள். எனக்குப் புண், வலி எதுவுமே இல்லை. கணவர் ஆழ்கடல் போட்டில் போயிருக்கிறார்; கரைக்கு வர மூன்று வாரமாகும். அவர் வந்தபிறகு போட்டுக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், குளச்சல்

பதில்: வேண்டாம் சகோதரி, காத்திருக்காதீர்கள். முதல் ஊசியை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

இதற்கு முன் சிகிச்சை எடுக்காதவருக்கு இந்த இரண்டு பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால் அது சிபிலிஸ் என்ற பால்வினை நோய்தான். பெரியவர்கள் பரங்கிப்புண் என்பார்கள். அந்தப் புண் பெரும்பாலும் வலிக்காது. பெண்களுக்கு உள்ளே வந்தால் கண்ணிலும் படாது. 3 முதல் 6 வாரத்தில் தானாகவே ஆறிவிடும். கிருமி மட்டும் உடம்பிலேயே தங்கி, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். எலும்பு, கல்லீரல் பாதிப்போடு பிறக்கலாம். தாய்க்குக் காலத்தில் ஊசி போட்டால் பெரும்பாலும் இதைத் தடுத்துவிடலாம்.

மருந்து பென்சத்தீன் பென்சிலின். ஒரு தவணைக்கு 24 லட்சம் யூனிட். 12 லட்சம் வீதம் இரண்டு பக்க இடுப்பிலும் தசையில் போடுவார்கள். கெட்டியான மருந்து, நன்றாகவே வலிக்கும். நோய் எப்போது தொற்றியது என்று தெரியாததால்தான் வாரம் ஒன்றாக மூன்று தவணை. கர்ப்பிணிக்கு இடைவெளி 9 நாளைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். திருவிழா, கல்யாணம் என்று ஒரு தவணையையும் தள்ளாதீர்கள்.

பென்சிலின் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதும் மருத்துவமனையில் சேர்த்து, சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்கி, இதே மருந்தைத்தான் போடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் குழந்தையைக் காப்பாற்றாது. டாக்சிசைக்ளின் கர்ப்பத்தில் கூடாது.

முதல் ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல், உடல்வலி வரலாம். கிருமிகள் மொத்தமாக அழிவதால் வருவது அது, அலர்ஜி அல்ல. ஆனால் வயிறு இறுகி இறுகி வலித்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

1:16 என்றால், ரத்தத்தைப் பதினாறு மடங்கு நீர்க்கச் செய்தும் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்று அர்த்தம். இது பின்னால் 1:4 ஆகக் குறைய வேண்டும். பிரசவத்துக்குள் குறையாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இது பல வருடம் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியது. அதனால் வீட்டில் அந்தச் சண்டை வேண்டாம். கணவர் கரையேறியதும் அவருக்கும் ரத்தம் பார்த்து ஊசி போட வேண்டும். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவு கூடாது. இல்லையென்றால் திரும்பவும் தொற்றும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்தே போகலாம். நேரில் கேட்க அவர் கூச்சப்பட்டால், 1097 என்ற அரசு எச்.ஐ.வி. உதவி மையத்தின் இலவச எண்ணில் முதலில் பேசட்டும்.