‘வி’ வடிவக் கோடு: பள்ளத்தாக்கா, முகடா?

நிலவரைபடத்தில் சம உயரக் கோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு, ‘வி’ போல வளைந்திருப்பது பள்ளத்தாக்கா, முகடா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ‘வி’ பள்ளத்தாக்குதான், முகடு இல்லை. சம உயரக் கோட்டின் கூர்முனை உயரமான பக்கத்தைப் பார்த்தால் பள்ளத்தாக்கு. தாழ்ந்த பக்கத்தைப் பார்த்தால் மலையிலிருந்து நீண்டு இறங்கும் முகடு. உங்கள் படத்தில் 640 மீட்டர் கோட்டின் முனை 660 மீட்டர் கோட்டைப் பார்த்து நிற்கிறது என்கிறீர்கள், அப்புறம் என்ன சந்தேகம்?

முனை தாளின் கீழ்ப்பக்கம் பார்ப்பதால் குழம்பியிருப்பீர்கள். தாளின் மேல்பக்கம் பெரும்பாலும் வடக்கு, அவ்வளவுதான். உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரிபார்க்க:

1. எண் போட்ட தடித்த கோடுகள் இரண்டைப் பிடியுங்கள். 600, 700 என்றால் நடுவே நான்கு மெல்லிய கோடுகள், ஆனால் ஐந்து இடைவெளிகள். ஆக ஒவ்வொன்றும் 20 மீட்டர். நான்கால் வகுத்து 25 என்று எழுதுவது எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு, நானும் செய்திருக்கிறேன்.

2. ‘வி’ முனைகளை வரிசையாகத் தொட்டுப் பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். அது தாழ்ந்த பக்கம் இறங்கி நீல ஓடையில் சேர்ந்தால் பள்ளத்தாக்குதான், முடிந்தது.

ஒன்று மட்டும் கவனம். நீலக் கோடு இல்லை என்பதற்காக முகடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மழைக்கு மட்டும் ஓடும் சிற்றோடைகள் பல படங்களில் விடுபட்டிருக்கும். அதேபோல, மூடிய வளையத்தின் உட்பக்கம் சின்னச் சின்னக் கீற்றுகள் இருந்தால் அது குன்று அல்ல, குழி.