சனிக்கிழமை புது ஆட்டம், எந்த நாட்டை எடுப்பது? கேள்வி பதில்

வரும் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு 1444 முதல் ஒரு நாட்டை நடத்தும் கணினி விளையாட்டான யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4இல், பலர் சேர்ந்து ஆடும் புது மல்டிபிளேயர் ஆட்டம் தொடங்குகிறோம். 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஐந்து பேர் இதுவரை ஏஐயோடு, அதாவது கணினியே நடத்தும் நாடுகளோடு மட்டும் ஆடியவர்கள். ஆறு வருடமாக வாராவாரம் ஆடுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நாடு தேர்ந்தெடுப்பது, நாட்டை நடத்துவது இரண்டைப் பற்றியும் கேட்கலாம்.

கேள்வி: அண்ணா, தனியாக 400 மணி நேரம் ஆடியிருக்கிறேன். மனிதர்களோடு ஆடுவது இதுதான் முதல் முறை. எந்த நாடு எடுக்கலாம்?

தம்பி, நாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்து நாட்டில் யார் உட்காரப் போகிறார் என்று பாருங்கள். தனி ஆட்டத்தில் பழகியவர்கள் எல்லோரும் இதில்தான் சறுக்குகிறார்கள். எது பலமான நாடு, எதற்கு நல்ல மிஷன் (ஆட்டம் தரும் இலக்கு) என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருவார்கள். உங்கள் படை தூரத்து எல்லையில் மாட்டி, மேன்பவர் (படைக்கு எடுக்கக்கூடிய ஆள்பலம்) தீர்ந்து, கஜானா காலியாகும் மாதம் வரை ஒரு மனிதர் பத்து வருடம்கூடப் பொறுத்திருப்பார். ஏஐ அப்படிப் பொறுத்திருந்து அடிக்காது.

அதனால் போர்ச்சுகல் எடுங்கள். 1444 நவம்பர் 11இல் ஆட்டம் தொடங்கும்போது கடலுக்கு அப்பால் வட ஆப்பிரிக்காவில் உள்ள செயூட்டா ஒன்றை விட்டால், தாய்நாட்டுக்குத் தரைவழி அண்டை காஸ்டில் மட்டும்தான். அந்த ஒரு மனிதரோடு பேசி வைத்தால் போதும், முதுகுக்குப் பயமில்லை. அவருக்கும் உங்கள் நட்பு வேண்டியிருக்கும். அவருடைய வாரிசு என்ரிக்கேவுக்கு நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம் மூன்றிலும் பூஜ்யம். ஒவ்வொன்றிலும் மாதம் அடிப்படையாக வரும் 3 புள்ளிக்கு (தொழில்நுட்பமும் ஐடியாவும் வாங்கும் புள்ளி) மேல் அந்த ராஜாவால் எதுவும் சேராது. கிரனடாவைப் பிடிக்க வேண்டும், அரகோனோடு கல்யாண சம்பந்தம் அமைய வேண்டும் என்று அவர் கவலை அவருக்கு. மேற்கு எல்லை அமைதியாக இருந்தால் அவருக்கும் நிம்மதி.

நிர்வாகத் தொழில்நுட்பம் 5 வந்ததும் கடல் ஆய்வு ஐடியாவை (நாட்டுக்குச் சிறப்புத் திறன் தரும் தொகுப்பு) எடுங்கள். ஒரே காலனிப் பகுதியில் 5 மாகாணம் சேர்ந்தால் அது தனிக் காலனி நாடாகிவிடும், உங்களுக்கு மேற்பார்வை வேலை குறையும். முதல் நூறு வருடம் ஐரோப்பியச் சண்டை எதிலும் பக்கம் சேர வேண்டாம். யார் எப்படிப் பேசுகிறார், யார் சொன்னதைச் செய்கிறார் என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஒன்று மட்டும்: ஒரு வாரம் வர முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

கேள்வி: ஒட்டோமான் காலியாக இருக்கிறதா? பலமான நாடு என்றால் எனக்குப் பாதுகாப்புதானே?

இல்லை. மல்டிபிளேயரில் பலமான நாட்டில் உட்கார்ந்திருப்பவரைத்தான் முதல் வாரத்திலிருந்தே எல்லோரும் கண் வைப்பார்கள். ஹங்கேரி, வெனிஸ், மம்லூக் மூவரும் ஒரே மாதத்தில் போர் அறிவித்தால் சமாளிக்கும் அனுபவம் வேண்டும். புதியவர்களுக்குக் கிடையாது.

கேள்வி: விஜயநகரம் எடுக்க ஆசை. நம்ம பக்கத்து ராஜ்யம். வரலாறும் நிறையப் படித்திருக்கிறேன்.

ஆசை எனக்கும் உண்டு, இரண்டு முறை ஆடியிருக்கிறேன். தொடக்கத் தேதி அருமையான தேதி. தைமூரிய மன்னர் ஷாருக்கின் தூதராக அப்துர் ரசாக் வந்து இரண்டாம் தேவராயரின் அரசவையைப் பார்த்தது 1443இல். நீங்கள் அதற்கு அடுத்த வருடம் சிம்மாசனத்தில் உட்காருகிறீர்கள். வடக்கே பாமினி, கிழக்குக் கடற்கரையில் கபிலேந்திரர் எழுப்பிய ஒரிசா. இரண்டையும் கவனமாகக் கையாண்டால் தக்காணம் உங்களுடையது.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்டத்தில் மறுமலர்ச்சி (நாடு நாடாகப் பரவும் புது அலை) 1450இல் ஐரோப்பாவில் தோன்றுகிறது. அது தானாக நகர்ந்து தென்னிந்தியாவுக்கு வர வெகு காலம் ஆகும். அதை ஏற்காத வரை தொழில்நுட்ப விலை வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஒரே ஒரு நல்ல மாகாணத்தைத் தேர்ந்து, புள்ளிகளைச் சேர்த்து வைத்து, அங்கேயே டெவலப்மென்ட்டை (மாகாண வளர்ச்சியை) குவித்து மறுமலர்ச்சியை வரவழைக்க வேண்டும். நல்ல விளைநிலமாகப் பாருங்கள், காட்டிலும் மலையிலும் செலவு கூடும். பலர் புள்ளியைப் பத்து மாகாணத்தில் தூவிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்பார்கள்.

இன்னொன்று, பாமினியிலோ வங்காளத்திலோ ஒரு மனிதர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 150 வருடம் ஏஐயை அடித்துக்கொண்டிருப்பீர்கள். அதற்குள் ஐரோப்பாவில் மனிதரோடு மனிதர் மோதிப் பழகியவர் கப்பலில் வந்து இறங்குவார். எண்ணிக்கையில் நீங்கள் பெரிதாக இருந்தும் போர்ப் பழக்கத்தில் தோற்பீர்கள். எனக்கு முதல் முறை அதுதான் நடந்தது. ஒரு நண்பரைக் கூட்டி வாருங்கள், விஜயநகரம் உங்களுக்கே.

கேள்வி: யாழ்ப்பாணம்?

மனசுக்குப் பிடித்த நாடு, ஆனால் மிகச் சின்னது. வரலாற்றிலேயே 1450இல் தென்மேற்கு இலங்கையில் இருந்த கோட்டை என்ற ராஜ்யத்துக்காகச் செண்பகப் பெருமாள் வந்து பிடித்துவிட்டார். ஆட்டத்திலும் கோட்டை ராஜ்யத்துக்கு முதல் இலக்கு நீங்கள்தான். முதலில் தனியாக ஆடி 1500 வரை தாக்குப்பிடித்துக் காட்டுங்கள், அடுத்த சுற்றில் பார்ப்போம்.

கேள்வி: எல்லா டிஎல்சியும் (ஆட்டத்துக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஹோஸ்ட்டிடம் (ஆட்டத்தைத் தன் கணினியில் நடத்துபவரிடம்) இருப்பது அந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் வேலை செய்யும். எல்லோருக்கும் ஒரே வெர்ஷன் இருந்தால் போதும்.

கேள்வி: லோன் வாங்கலாமா? தனி ஆட்டத்தில் நான் வாங்கியதே இல்லை.

வாங்குங்கள். வட்டி போக, ஒரு லோனுக்கு 0.1 சதவீதம் பணவீக்கம் ஏறும், அவ்வளவுதான். கையில் காசில்லாமல் கூலிப்படை எடுக்க முடியாமல் தலைநகரை இழப்பதைவிட ஐந்து லோன் மேல். ஆனால் போர் முடிந்ததும் முதல் வேலை அதை அடைப்பதுதான். சிக்கனம் என்று எல்லைக் கோட்டைகளின் பராமரிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். உள்நாட்டுக் கோட்டை என்றால் சரி. எல்லையில் அப்படிச் செய்தால் பக்கத்து ஆட்டக்காரருக்கு அது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

கேள்வி: ஒட்டோமானை இரண்டு பேர் சேர்ந்து ஆடலாமா?

ஒட்டோமான் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இல்லை.

கேள்வி: போன ஆட்டத்தில் ஹங்கேரி நான்தான். ஆஸ்திரியாவோடு 1460 வரை சண்டை இல்லை என்று பேசி ஒப்புக்கொண்டோம். 1458இல் என் படை முழுக்கத் தெற்கே துருக்கியோடு மோதிக்கொண்டிருந்தபோது அவர் என் பொஸோனி மாகாணத்துக்குள் நுழைந்துவிட்டார். அப்புறம் நான் ஆட வரவில்லை. இது சரியா?

சரியில்லை. அன்று நானும் இருந்தேன். உங்கள் 26 ரெஜிமெண்ட் ஆற்றைத் தாண்டி மலை மாகாணத்தில் ஏறிக்கொண்டிருந்தது, மன உறுதிப் பட்டை பாதிக்குக் கீழே. வடக்கே வெள்ளைப் படைக் குறி எல்லையைத் தாண்டியபோது குரல் அழைப்பில் ஒருவரும் பேசவில்லை. உங்கள் மைக்கிலிருந்து ஒரு மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆஸ்திரியா ஆடியவர்: அந்த ஆள் நான்தான். ட்ரூஸை (போருக்குப் பின் ஆட்டமே போடும் சமாதானக் காலத்தை) நான் உடைக்கவில்லை, பேச்சு ஒப்பந்தத்தைத்தான் மீறினேன். ஆட்டம் அதை அனுமதிக்கிறது. வரலாறு முழுக்கத் துரோகம்தானே அண்ணா?

வரலாறு என்று சொன்னதால் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். நாம் ஏன் 1444 நவம்பர் 11இல் தொடங்குகிறோம்? முந்தைய நாள், நவம்பர் 10, வர்ணா போர். அந்தக் கோடையில்தான் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் ராஜாவான விளாதிஸ்லாவ், சுல்தான் இரண்டாம் முராதோடு பத்து வருட சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். வேற்று மதத்தாருக்குக் கொடுத்த வாக்கு செல்லாது என்று போப்பின் தூதரான கார்டினல் செசாரினி எடுத்துச் சொல்ல, மை காய்வதற்குள் படை கிளம்பியது. வர்ணாவில் ராஜா சில நூறு குதிரை வீரர்களோடு சுல்தானின் கூடாரத்தை நோக்கிப் பாய்ந்தார். அப்போது அவருக்கு 20 வயது. அங்கேயே தலை போனது. செசாரினியும் திரும்பி வரவில்லை. நாம் ஆட்டத்தைத் திறக்கும்போது போலந்து ராஜா இல்லாமல் நிற்கிறதே, அதற்குக் காரணம் இந்த வாக்கு மீறல்தான். வரலாற்றில் துரோகம் நிறைய உண்டு, அதற்கு விலையும் இருந்தது.

ஆட்டத்துக்குள் ட்ரூஸை உடைத்தால் ஸ்டெபிலிட்டி (நாட்டின் நிலைத்தன்மை) 5 இறங்கும். பேச்சு ஒப்பந்தத்தை மீறினால் ஒன்றும் இறங்காது. அந்த விலையை நாம்தான் வைக்க வேண்டும்.

வெனிஸ் ஆடியவர்: விலை இருந்ததே? அடுத்த வாரமே நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆஸ்திரியாவை அடித்தோம். தனி விதி எதற்கு?

அடித்தீர்கள், உண்மை. ஆனால் ஹங்கேரிக்காரர் அதற்குள் போய்விட்டார். பழிவாங்கியது உங்களுக்குத் திருப்தி, அவருக்கு என்ன கிடைத்தது? சின்ன நாட்டில் இருப்பவர் இரண்டாவது வாரம் போனால், மூன்றாவது வாரம் அவருடைய நண்பர் போவார். 14 பேரில் தொடங்கி 1550இல் 6 பேர் மிஞ்சிய ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்திரியா ஆடியவர்: அப்படியென்றால் திடீர்த் தாக்குதலே கூடாதா? முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிப்பது போரா?

கூடும். ஒப்பந்தம் இல்லாதவர்மீது எப்போது வேண்டுமானாலும் பாயுங்கள். கூட்டாளிக்குக் கைகொடுக்க மறுப்பதும், பொய்யாகப் படையைக் காட்டி மிரட்டுவதும்கூட ஆட்டத்தில் சேர்த்திதான். தேதி போட்டு வாக்கு கொடுத்தால் மட்டும் அந்தத் தேதி வரை நிற்க வேண்டும். முடியாது என்றால் ஆட்டக் கணக்கில் ஒரு வருடம் முன்னால் எல்லோர் முன்னிலையிலும் "ஒப்பந்தம் முடிந்தது" என்று சொல்ல வேண்டும். தெற்கே போன படை திரும்பி நடக்க ஒரு வருடம் போதும். திடீர்த் தாக்குதலின் லாபம் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த லாபம் வேண்டுமென்றால் வாக்கே கொடுக்காதீர்கள். ஹோஸ்ட்டிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை முதல் இது விதி.

கேள்வி: அப்போ போலந்து நல்ல தேர்வா?

ரொம்ப நல்லது. ராஜா இல்லாத குழப்பத்தில் தொடங்கும். ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு வரும்போது விளாதிஸ்லாவின் தம்பி கசிமீரைத் தேர்ந்தெடுங்கள், லித்துவேனியா உங்கள் கீழ் வரும். வரலாற்றிலும் 1447இல் அவர்தான் முடிசூடினார். மாஸ்கோவில் யார் உட்காருகிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: படையில் காலாள், குதிரை, பீரங்கி எவ்வளவு வைக்க வேண்டும்?

நாட்டுக்கு நாடு மாறும், விக்கியில் பாருங்கள். பீரங்கி ராணுவத் தொழில்நுட்பம் 7இல் வரும். அது 16 ஆகும் வரை பின்வரிசையைப் பீரங்கியால் முழுக்க நிரப்பிக் காசை வீணாக்காதீர்கள்.

கேள்வி: பர்கண்டி?

வரலாற்றில் பர்கண்டியை ஆண்ட துணிச்சல்கார சார்லஸ் 1477 ஜனவரி 5இல் நான்சியில் செத்தார், மகள் மேரி அந்த வருடமே மாக்சிமிலியனைக் கல்யாணம் செய்தார், நாடு துண்டானது. ஆட்டத்திலும் அதே வாரிசுரிமை நிகழ்வு உண்டு. மனிதர் ஆடும் நாடு ஒரு நிகழ்வில் காணாமல் போகக் கூடாது. அதனால் மனிதர் இருந்தால் அந்த நிகழ்வு நடக்காது என்று முதல் நாளே பேசி முடிப்போம். பேசாமல் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒட்டோமான் யாருக்குத்தான் கொடுப்பீர்கள்?

மூன்றாவது தடவை. அனுபவம் உள்ள ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி: ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆகும்? ஏஐ பார்த்துக்கொள்ளும் அல்லவா?

பார்த்துக்கொள்ளாது! என் முதல் ஆட்டத்தில் பொஹீமியா எடுத்திருந்தேன். ஊரில் கல்யாணம், யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து சேமித்த ஆட்டத்தைத் திறந்தால் 9 லோன், படையில் 22 ரெஜிமெண்ட் இருந்த இடத்தில் 3, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு போரில் கூட்டாளியாக நிற்கிறேன். ஒரு வரி எழுதியிருந்தால் யாராவது பதிலுக்கு உட்கார்ந்திருப்பார்கள். சொல்லிவிட்டுப் போங்கள்.

ஹங்கேரி ஆடியவர்: விதி இருக்கும் என்றால் திரும்பி வரலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அதே ஹங்கேரியை எடுக்கப் பயமாக இருக்கிறது அண்ணா. ஆஸ்திரியாவில் யார்?

ஹங்கேரியையே எடுங்கள். எனக்கு இங்கிலாந்து ஒதுக்கியிருந்தார்கள், அதைப் போன முறை ஆஸ்திரியா ஆடியவருக்குக் கொடுத்துவிட்டேன், அவரும் சரி என்றார். ஆஸ்திரியாவில் நான் உட்காருகிறேன். 1470 ஜனவரி 1 வரை உங்கள் எல்லையைத் தாண்ட மாட்டேன். நீங்கள் படையைத் தைரியமாகத் தெற்கே அனுப்பலாம். சனிக்கிழமை 8:45க்கு வந்துவிடுங்கள், எந்தக் கோட்டையை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று ஒன்றாக உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.