ஒரு பெயர், பல எண்கள்: பழைய அமெரிக்கக் கணக்கெடுப்பில் அப்பாவைத் தேடுவது

கேள்வி: என் கணவர் பென்சில்வேனியாக்காரர். அவருடைய முன்னோர் ஒருவர் 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறார், வயது 34. அவருடைய அப்பாவைத் தேடி 1820 பட்டியலைத் திறந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு பெயரும் வரிசையாக எண்களும்தான் இருக்கின்றன. இதை வைத்து என்ன செய்வது?

பதில்: 1790 முதல் 1840 வரை எல்லாக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். குடும்பத் தலைவருக்கு மட்டும் பெயர் (1840இல் ஒரு விதிவிலக்கு உண்டு, கீழே சொல்கிறேன்). மனைவி, மக்கள் எல்லாரும் பெரும்பாலும் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. ரேஷன் கார்டில் தலைவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தது போல. அடிமைப்படாத எல்லாருக்கும் பெயர் எழுதியது 1850இல்தான்.

அதனால் பெயரை விட்டுவிட்டு வயதைப் பிடியுங்கள். 1850இல் 34 என்றால் பிறந்தது சுமார் 1816. 1820இல் அவர் 'பத்து வயதுக்குக் கீழ் ஆண்' கட்டத்தில் இருந்தாக வேண்டும். 1830இல் '10 முதல் 15க்குள்'. அதே ஊரில் அதே குடும்பப் பெயருள்ள வீடுகளை ஒரு தாளில் எழுதி, இந்த இரண்டு கட்டமும் காலியாக இருப்பவற்றை அடித்துக்கொண்டே வாருங்கள். ஆனால் அந்தக் காலத்து வயது ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் இருக்கும். 1830இல் 14 வயது என்பது விளிம்பு, எனவே '15 முதல் 20க்குள்' கட்டத்தையும் பார்க்காமல் அடித்துவிடாதீர்கள்.

1820 தாளில் ஒரு பொறி இருக்கிறது. ஆண்களுக்கு '16 முதல் 18', '16 முதல் 26' என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் இருப்பவர் இரண்டாவதிலும் எண்ணப்பட்டிருப்பார். இரண்டையும் கூட்டினால் வீட்டில் இல்லாத ஒரு பிள்ளை முளைத்துவிடும். நான் பழகும்போது அப்படி ஒரு 'அண்ணனை' வாரக்கணக்கில் தேடியிருக்கிறேன்.

அப்புறம், 1840இல் ஒரு வீட்டின் வரி இரண்டு பக்கங்களில் ஓடும். பலர் இடது பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வலது பக்கத்தில்தான் புரட்சிப் போர் (அமெரிக்க விடுதலைப் போர்) ஓய்வூதியக்காரர்களின் பெயரும் வயதும் இருக்கும். மகன் வீட்டில் தங்கியிருந்த எண்பது வயதுக் கிழவருக்கும் அங்கே பெயர் உண்டு. உங்கள் முன்னோரின் தாத்தாவே அதில் கிடைக்கலாம்.

1820இல் ஆண் தலைவர், 1830இல் அதே குடும்பப் பெயரில் ஒரு பெண் தலைவர் என்றால், கணவர் இடையில் இறந்திருக்க வாய்ப்பு அதிகம். அது நமக்கு நல்ல துப்பு, ஏனென்றால் உயில் தேட வேண்டிய பத்தாண்டு தெரிந்துவிட்டது. பென்சில்வேனியாவில் ஜெர்மன் குடும்பங்கள் நிறைய. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முல்லர் மில்லராகவும், ஷ்மிட் ஸ்மித்தாகவும் நிற்பார்கள்.

ஒரு விதத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். பென்சில்வேனியாவுக்கு 1790 தாள்கள்கூட மிஞ்சியிருக்கின்றன. பக்கத்து நியூ ஜெர்சியில் 1830க்கு முன்னால் அநேகமாக ஒன்றும் இல்லை. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி மூலத் தாள்களின் படங்களையே பாருங்கள்.

சரி, கடைசியில் ஒரே வீடு மிஞ்சினாலும் அதன் தலைவரை உடனே அப்பா என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கட்டத்துப் பையன் தம்பி மகனாகவும் இருக்கலாம், தொழில் பழக வந்தவனாகவும் இருக்கலாம். அந்தத் தலைவர் வாழ்ந்த கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) உயில் பதிவுகளில் 'என் மகன்' என்ற சொல்லோடு உங்கள் ஆளின் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.