இளைஞர் தலைமைப் பயிற்சிக்குப் போனா தன்னம்பிக்கை நிஜமாவே வளருமா?

வளரும், ஆனா எப்படின்னு புரிஞ்சுக்கணும். தன்னம்பிக்கைன்னா "நான் பெரிய ஆளு"ன்னு நெனைக்கிறது இல்ல, "இந்த வேலைய என்னால செஞ்சு முடிக்க முடியும்"ங்கிற நெனப்பு, அவ்ளோதான். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977லயே எழுதிட்டார், அடுத்தவங்க ஊக்கப்படுத்துறதவிட நாமளே செஞ்சு பாத்த அனுபவம்தான் இதுக்குப் பெரிய பலம்னு.

மாணவர்களுக்காக 1969ல ஆரம்பிச்ச நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ்.ஸையே எடுத்துக்கங்க. ஏழு நாள் கேம்ப்ல, வீட்ல தட்டக்கூட கழுவாத பையன் கையில அம்பது பேர் சாப்பாட்டுப் பொறுப்ப குடுத்தா, முதல் நாள் சாதம் குழைஞ்சு போகும், சாம்பார்ல உப்பு இருக்காது, நாலாவது நாள் பாத்தா அவனே அரிசி அளந்து போட்டு ஆளுங்கள பிரிச்சு வேலை வாங்கிட்டு இருப்பான். எந்த லெக்சரும் இத தராது, அதனாலயே வெறும் பேச்சா இருக்கிற ப்ரோக்ராம் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. நீச்சல் பழக முதுகுல சுரைக்குடுக்கைய கட்டி கிணத்துல இறக்கி விடுவாங்கல்ல, அது மாதிரிதான், முழுகாம இருக்க ஒரு துணை உண்டு, ஆனா கைகால அடிக்கிறது நீங்க.

மைக் புடிச்சுப் பேசுறவங்களுக்குத்தான் இதெல்லாம்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, தப்பு, மேடையே ஏறாம அடுப்புகிட்டயே நின்ன பையனுக்கும் அதே நம்பிக்கை வரும்.